கழுத்து திரும்பிய பக்கம்

“சும்மா உக்காந்துக்கினு இருக்கணும். அவ்ளோதானே?” என்று கேட்டுவிட்டு, என் தோழியின் அம்மா எங்கள் ஓவியக்கூடத்தின் நடுவே இருந்த சிறிய மேடைமேல் ஏறி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பஸ்ஸில் யாராவது இடம் கேட்டால் உடனே எழுந்துகொள்ளத் தயாராக இருப்பவரின் உட்கார்வு அது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை, அதற்குப் பொருந்தாத பச்சை ரவிக்கை, மடியில் ஒரு துணிப்பை. பையை வாங்கிக் கீழே வைக்கத் தோழி போனபோது, “இருக்கட்டும்டி, கைக்கு ஒரு வேல வேணாமா?” என்று தர மறுத்துவிட்டார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவரைச் சுற்றி வட்டமாக, ஆளுக்கொரு ஸ்டாண்டில் பெரிய தாளை கிளிப் போட்டு மாட்டி, கையில் கரித்துண்டோடு நின்றிருந்தோம். அவர் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “இத்தினி பேரும் என் மூஞ்சியவா பாக்கப் போறீங்க? தெரிஞ்சிருந்தா பவுடராச்சும் போட்டுக்கினு வந்திருப்பேன்.” கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கி, முதல் கரிக்கோடு தாளில் விழுந்த கணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அதுவரை நான் யாரையுமே சரியாகப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

எங்கள் பல்கலைக்கழகம் புதுவாயல் கூட்டுரோட்டைத் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. வகுப்பறையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் ஏதோ ஒரு கம்பெனியின் புகைபோக்கி. நான் சோழவரத்திலிருந்து கல்லூரி பஸ்ஸில் போய் வந்தேன். கணினிப் பொறியியல் மாணவி. தோழிக்குக் கும்மிடிப்பூண்டி, அவள் படித்தது இயந்திரப் பொறியியல். அவளுடைய தாத்தா காலம்வரை அவர்கள் வீட்டில் எல்லோரும் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், வீட்டில் இருப்பதே அபூர்வம். அம்மா தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். அடுப்பிலிருந்து வெளிவந்து பெல்ட்டில் ஓடும் பிஸ்கட்டுகளில் உடைந்ததையும் கருகியதையும் நின்றபடியே பொறுக்கி எடுக்க வேண்டும். அவர் எங்கே வந்து உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வெண்ணிலா எசென்ஸ் வாசனை அடிக்கும்.

நாங்கள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோதுதான், முதன்மைப் பாடத்தோடு சேர்த்து இன்னொரு துறையிலும் சில பாடங்கள் படித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதற்கு ‘மைனர்’ என்று பெயர். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் வேலைக்கு உதவும் என்று நிர்வாகவியலையோ தரவு அறிவியலையோ எடுத்துக்கொண்டார்கள். ஓவியத்தை எடுத்தவர்கள் மிகக் குறைவு. நான் எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எழுத்துத் தேர்வு இல்லை என்றார்கள், அதனால் எடுத்தேன். தோழி அப்படியல்ல. இயந்திரங்களின் வரைபடம் போடும் வகுப்பில் பென்சிலைச் சீவிச் சீவி அவள் ஒரு கோட்டை இழுப்பதைப் பார்த்தாலே அவளுக்குள் என்ன ஆசை இருந்தது என்று தெரிந்துவிடும். அவள் வீட்டில் போய் இதைச் சொன்ன அன்று நானும் கூட இருந்தேன். அவள் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். “இன்னாது, மைனரா? நம்ம தெருவுல செயின் போட்டுக்கினு பைக்ல சுத்துற மைனருங்க பத்தாதாடி? நீ வேற ஆவணுமா?” என்றார். பிறகு, அது படம் வரையும் படிப்பு என்று விளக்கியதும் மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, “இன்ஜினியரிங்கோட அதுவும் படிக்கலாமா? சேத்தேவா? அப்ப படி” என்றார். அவ்வளவுதான் அனுமதி.

மூன்றாம் ஆண்டில் மனித உருவம் வரையும் பாடம் வந்தது. எங்களுக்கு அந்த வகுப்பை எடுத்த மேடம் ஒரு சிற்பி. திருநின்றவூரிலிருந்து பெரியபாளையம் வழியாக ஸ்கூட்டரில் வருவார். வந்து இறங்கும்போதே கோபமாக இருப்பார். பிளாஸ்டர் பாதத்தையும் பிளாஸ்டர் காதையும் எத்தனை நாளைக்குத்தான் வரைவது, உயிருள்ள ஒருவர் வந்து உட்கார வேண்டும் என்றார். முதலில் வாட்ச்மேன் அண்ணனை உட்கார வைத்தோம். கொஞ்ச நேரத்திலேயே அவர் தலை மார்பில் சாய்ந்து குறட்டை வந்துவிட்டது. எங்களில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் சிரித்தே வகுப்பை முடித்துவிடுவோம். அப்போதுதான் தோழி சொன்னாள், “எங்கம்மா வருவாங்க மேடம். அவங்களுக்கு சனிக்கிழமதான் லீவு.” “அம்மாகிட்ட கேட்டியா?” என்றார் மேடம். “கேட்டா மாட்டேன்னுதான் சொல்வாங்க. கூட்டிக்கினே வந்துடறேன்.”

அப்படித்தான் வந்தார். வாரத்துக்கு ஒரே ஒரு விடுமுறை நாளை எங்களுக்குக் கொடுத்தார்.

முதல் நாள் அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை. பேசினால் முகம் அசைகிறது என்று மேடம் சொன்னதும் உதட்டை இறுக மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் போயிருக்காது. “ஈ உக்காந்தா ஓட்டிக்கலாமா?” “ஓட்டிக்கலாம்மா.” மறுபடியும் அமைதி. பிறகு, “இது இன்னாது, எலிங்க சொவத்த சொறியற மாறி ஒரு சத்தம்?” அது எங்கள் கரித்துண்டுகளின் சத்தம். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மெதுவாக முதுகு நாற்காலியில் சாய்ந்தது. மடியில் பையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. அந்தக் கூடத்தில் மின்விசிறிகூட ஓடவில்லை, தாள் பறக்கும் என்று நிறுத்தியிருந்தோம். அப்படியொரு அசையாமையை அவர் எங்கிருந்து கொண்டுவந்தார் என்று எனக்குப் புரியவில்லை. இடைவேளையில் கேட்டேன். “அங்க பெல்ட்டு ஓடிக்கினே இருக்கும். அதப் பாத்துப் பாத்து, ஊட்டுக்கு வந்து படுத்தாலும் கண்ணுக்குள்ள ஓடும். இங்க எதுவுமே ஓடல. நல்லாக்கீது” என்றார்.

நான் அவரை அதற்கு முன்பு பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அன்று கரியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தபோது, எனக்குத் தெரிந்திருந்தது ஒரு சிரிப்பும் ஒரு குரலும் மட்டும்தான் என்று தெரிந்தது. நெற்றியில், முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே, மெல்லிய பள்ளமாக ஒரு கோடு ஓடியது. கம்பெனியில் தலையில் மாட்டும் தொப்பியின் எலாஸ்டிக் வருஷக்கணக்காக அழுத்திப் பதிந்த தடம். இடது புருவம் பாதியிலேயே நின்றுவிட்டது. கம்மல் இல்லாத காதுத் துளையில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. மேலுதட்டுக்கு மேல் வியர்வை அரும்பி, ஒரு துளி சேர்ந்து, இறங்கலாமா வேண்டாமா என்று நின்றது. ஒரு முகத்தில் இத்தனை இருக்கிறது, அதுவும் மறைக்காமல் எல்லோர் முன்னாலும் வைக்கப்பட்டிருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. எனக்கு ஏதோ ஒரு பெரிய கட்டடத்துக்குள் முதன்முறையாக நுழைந்துவிட்டதைப் போல இருந்தது. நான் வரைந்தது மட்டும் படுமோசம். இடைவேளையில் அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்து என் தாளின் முன் நின்று, “இது யாரு, எங்க மாமியாரா?” என்றார். பிறகு பையிலிருந்து உடைந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் மேடம் நாற்காலியை வேறு வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டார். ஒரு வாரம் ஜன்னலைப் பார்த்து, ஒரு வாரம் கரும்பலகையைப் பார்த்து. நாங்களும் எங்கள் ஸ்டாண்டுகளை இடம் மாற்றிக்கொண்டோம். எல்லாப் பக்கமிருந்தும் ஒரே ஆளை வரையப் பழக வேண்டும் என்பது அவருடைய திட்டம். கைகள் எங்களுக்கு வசப்பட ஆரம்பித்தன. புடவை மடிப்புகூட வந்துவிட்டது. ஆனால் கழுத்து மட்டும் யாருக்குமே சரியாக வரவில்லை. உடம்பு ஒரு பக்கம் இருக்கும், தலை வேறு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும். காதுக்குக் கீழிருந்து தொண்டைக்குழி வரை ஒரு நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். மேடம் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் தாளிலும் நேர்க்கோடு இழுத்தார். “நாற்காலி இந்தப் பக்கம் இருக்கு. தோள் இந்தப் பக்கம் இருக்கு. தலை எப்படிப்பா அந்தப் பக்கம் போகும்?” “அப்படித்தான் மேடம் இருக்கு.” “இருக்காது. நீயா நினைச்சுக்கிற.” அவர் திரும்பி நாற்காலியைப் பார்ப்பார்; அதற்குள் தோழியின் அம்மா, ஏதோ தன்னால்தான் பிள்ளைகள் திட்டு வாங்குகிறார்கள் என்று பதறி, தலையை நேராக வைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

எங்கள் பிரச்சினை கழுத்து. தோழியின் பிரச்சினை அதைவிடப் பெரியது. அவளால் முகத்தையே வரைய முடியவில்லை. கூடத்திலேயே நன்றாக வரைகிறவள் அவள்தான். மடியில் கிடந்த அந்தக் கைகளை அவள் போட்டிருந்ததைப் பார்த்தால், விரல் நுனியில் இருக்கும் வெடிப்பைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவள் ஒரு கண்ணை வரைவாள், ரப்பரை எடுத்துத் தேய்ப்பாள், மறுபடி வரைவாள், மறுபடி தேய்ப்பாள். வகுப்பு முடியும்போது அந்த இடம் சாம்பல் நிறத்தில் ஒரு மேகமாக, தாளே நைந்துபோய்க் கிடக்கும். ஒவ்வொரு வாரமும் அப்படி. புதுவாயல் டீக்கடையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது ஒருநாள் வெடித்துவிட்டாள்.

“எனக்கு மட்டும் நேர் மூஞ்சிதான்டி கெடைக்குது. எங்க போயி நின்னாலும். கண்ணு வேற என்னயே பாக்குது. அந்தக் கண்ண எப்டிடி போடறது? போட்டா வேற யாரோ மாறி ஆயிடுது.”

“வேற எங்கயாவது பார்க்கச் சொல்லேன்.”

“சொல்லிட்டேன். ‘நான் எங்கடி உன்னப் பாக்கறேன், சொவத்துல இருக்கற சுச்ச இல்ல பாத்துக்கினு இருக்கேன்’னு சொல்றாங்க.”

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. சுவிட்சைத்தான் பார்ப்பதாக அவர் உண்மையாகவே நம்பினார்.

செமஸ்டர் முடிவு நெருங்கியது. முகமில்லாத உருவங்களை வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தில் தேர்ச்சி போட முடியாது என்று மேடம் தோழியிடம் சொல்லிவிட்டார். இந்தப் பாடம் போனால் மைனரே போய்விடும். அதே வாரத்தில் இயந்திரவியல் துறையில் வேலைவாய்ப்புத் தேர்வுக்கான பயிற்சி என்று அறிவித்தார்கள், அதுவும் சனிக்கிழமைதான். கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கும் ஆண்டு நெருங்குகிறது, படம் வரைந்துகொண்டிருக்கிறாயா என்று துறைத்தலைவர் கேட்டாராம். தோழி இரண்டு நாள் ஓவியக்கூடத்துப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் என்னிடம், “விட்டுடறேன்டி” என்றாள். அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தன்னுடைய கரித்துண்டுகளை ஒரு பழைய டிபன் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள், இனிமேல் வர வேண்டாம் என்று. அதற்கு அவர் சொன்னதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். “நீ போவாட்டி போ. மீதிப் புள்ளைங்க என்னப் பாதி வரஞ்சி வெச்சிருக்குங்க. அதுங்கள அப்டியே உட்டுட்டு நான் இங்க ஊட்ல குந்திக்கினு இருக்கறதா? பேஜாரா இருக்காது?”

அந்தச் சனிக்கிழமை அவர் தனியாக வந்தார். அதே கத்தரிப்பூப் புடவை, அதே பை. நாற்காலி கரும்பலகையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. கதவு அவருக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால். ஏறி உட்கார்ந்தார். நாங்கள் வரைய ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது: கழுத்து வந்துவிட்டது. எனக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருந்தவனுக்கும். மேடம் சுற்றி வந்து, “அப்பாடா! இன்னைக்குத்தான் கழுத்து கழுத்தா இருக்கு. இதைத்தான் இத்தனை நாளா சொல்லிட்டிருந்தேன்” என்று முதன்முறையாக எங்களைப் பாராட்டினார். தூண் மாதிரி நேரான கழுத்து. அதன்மேல் நேரான தலை. கம்பெனி அடையாள அட்டையில் இருக்குமே, அப்படி ஒரு முகம். எல்லா அளவும் சரியாக இருந்தது. ஆனால் தாளில் இருந்தது அவரில்லை; நாற்காலியில் இருந்ததும் அவரில்லை என்று தோன்றியது. என்ன குறைகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

பயிற்சி வகுப்பின் இடைவேளையில், அம்மா சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டுப் போகத் தோழி வந்தாள். ஓவியக்கூடத்துக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது மேடத்தின் விதி. கழற்றிவிட்டு, வகுப்பு நடக்கிறது என்பதால் சத்தமில்லாமல் உள்ளே வந்து, கதவுக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன்; தலையசைக்கக்கூட இல்லை. மீண்டும் என் தாளைப் பார்த்து, மீண்டும் நாற்காலியைப் பார்த்தேன்.

அந்தத் தலை திரும்பிக்கொண்டிருந்தது.

வேகமாக அல்ல. உடம்பு அப்படியே இருந்தது. தோள் அசையவில்லை, கைகள் பையின்மேல் கிடந்தபடியே கிடந்தன. தலை மட்டும், தூங்கும் குழந்தை வெளிச்சம் வரும் பக்கம் புரள்வதுபோல, கதவுப் பக்கமாக நகர்ந்தது. காதுக்குக் கீழே அந்த நரம்பு எழுந்தது. நாங்கள் வாரக்கணக்கில் வரைந்து, திட்டு வாங்கி, அழித்த அதே நரம்பு. கன்னத்தின் தசை இறங்கி, உதட்டோரம் கொஞ்சம் விலகி, கண் இருந்த இடத்தில் கண் வந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன் அங்கே இருந்தது கண்ணின் வடிவம் மட்டும்தான். கரிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கூடத்தில் எல்லோரும் பார்த்துவிட்டோம். அவருக்கு மட்டும் தெரியவில்லை, தான் திரும்பியதும், நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதும்.

மேடம் சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. “கழுத்தை அழிச்சிடுங்க. பழைய கழுத்தே போடுங்க.”

அவள் வந்தது எப்படித் தெரிந்தது என்று பிறகு தோழியின் அம்மாவைக் கேட்டேன். “இன்னா கேள்வி இது? அவ செருப்பு கழட்டற சத்தம் எனக்குத் தெரியாதா?” என்றார். நாங்கள் யாரும் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்கவில்லை.

அவரை மேடத்தோடு கேன்டீனுக்கு அனுப்பிவிட்டு, தோழியைப் பிடித்து நிறுத்தினேன். அலமாரியில் இருந்த எல்லோருடைய பழைய தாள்களையும் எடுத்துத் தரையில் பரப்பினோம். “இந்த வாரம் நீ ஜன்னல் பக்கம் நின்ன. பார், தலை ஜன்னல் பக்கம். இந்த வாரம் இதை வரைஞ்சவனுக்குப் பின்னாடி நின்ன. நாற்காலி அந்தப் பக்கம் இருந்தும் தலை எங்க இருக்கு பார்.” ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். பக்கவாட்டில் வரைந்தவன், பின்னாலிருந்து வெறும் கொண்டையை வரைந்தவள், யாருடைய தாளாக இருந்தாலும் அந்தக் கழுத்து ஒரே ஒரு ஆளை நோக்கித்தான் முறுக்கியிருந்தது. அவள் கூடத்தில் இருந்தவரை எங்களில் யாருக்கும் அவர் நேர் முகத்தைக் காட்டியதில்லை. அந்த முகம் ஒருத்திக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. அவளால்தான் அதை வரைய முடியவில்லை.

தோழி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏதோ ஒரு தாளில் புடைத்திருந்த நரம்பின்மேல் விரலை வைத்தாள். கரி விரலில் ஒட்டியது. “சனிக்கிழம ஆனா கழுத்து புடிச்சிக்கிச்சின்னு தைலம் தேய்க்கச் சொல்வாங்கடி. நான்தான் தேச்சி உடுவேன். கம்பெனி வேலையாலதான்னு நெனச்சேன்” என்றாள்.  போகும்போது டிபன் டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

துறைத்தலைவரிடம் என்ன சொன்னாளோ, பயிற்சிக்கு அவளை வார நாட்களின் மாலைக் குழுவோடு சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் எங்களோடு வட்டத்தில் நிற்கவில்லை. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு மிக அருகில், கையை நீட்டினால் அம்மாவின் முகத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் போட்டாள். “நீ பாரும்மா. சுச்சல்லாம் பாக்க வேணாம். என்னயே பாரு. நானும் பாக்கறேன்.” அவர் சிரித்தார். “இன்னாடி மொறைக்கிற?” அவள் கரித்துண்டை எடுத்தாள். அந்தச் சிரிப்பு மெல்ல முகத்துக்குள் இறங்கிப் போனது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்படி இரண்டு பேர் பார்த்துக்கொள்வதை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை. நமக்குப் பிடித்ததை வாங்கி வந்திருக்கிறாரா என்று ஒருவரைப் பார்ப்போம், கோபமாக இருக்கிறாரா என்று பார்ப்போம். எதற்காகவும் இல்லாமல், பார்ப்பதற்காகவே, கண்ணை எடுக்காமல் பார்ப்பது என்பது இவ்வளவு பெரிய காரியமா! நாங்கள் யாரும் அன்று வரையவில்லை. மேடமும் வரையச் சொல்லவில்லை. தோழி முதலில் கண்களைத்தான் போட்டாள். ரப்பரை அவள் தொடவே இல்லை. நடுவில் ஒருமுறை அவள் அம்மாவின் கண்ணில் நீர் கோத்தது. துடைத்துக்கொள்ளக் கை எழுந்து, அசையக் கூடாது என்ற நினைப்பில் பாதியில் நின்று, மடிக்கே திரும்பியது.

அந்தப் படம் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது. தாடை அவசரமாக முடிந்திருந்தது. ஆனால் அதன் முன்னால் போய் நின்றால், நிற்பவர் தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். நான் கவனித்திருக்கிறேன்.

ஆண்டு முடிவில் நூலகத்து நடையில் எங்கள் படங்களை மாட்டி வைத்தோம். தோழியின் அம்மா பேக்கிங் பிரிவிலிருந்து இரண்டு பேரை அழைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்த கையோடு கம்பெனி நீலச் சட்டையிலேயே வந்தார். சுவர் முழுக்க அவர்தான். “இது இன்னா, ஆம்பள மாறி வரஞ்சி வெச்சிருக்கான்!” “தோ, இது அப்டியே எங்க சின்னம்மா. செத்துப்போனாங்களே, அவங்க.” கூட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டே வந்தவர் மகளின் படத்தின் முன் வந்ததும் பேச்சை நிறுத்தினார். பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். கிட்டப் போனார், தள்ளி வந்தார். தோழி சுவரோடு ஒட்டி நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் உன்ன இப்டியாடி பாக்கறேன்?” என்றார்.

“ஆமாம்மா.”

மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்ததைப் பெருமை என்று சொல்ல மாட்டேன். தன்னிடம் இப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டவரின் திகைப்பு அது.

“இப்டிப் பாத்தா நீ பயந்துட்டிருப்பியேடி” என்றார்.

தோழி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. அவர் அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். கூட வந்த இருவரும் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர்கள்போல நகர்ந்து போய், அடுத்த சுவரில் மாட்டியிருந்த பிளாஸ்டர் காதின் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்கள்.

இதெல்லாம் முடிந்து சில வருஷங்கள் ஆகின்றன. தோழி இப்போது ஓசூரில் இயந்திர வடிவமைப்பில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வரைகிறாள். அந்தப் படம் அவளுடைய அறையில்தான் இருக்கிறது. நான் கல்யாணமாகித் திருநின்றவூருக்கு வந்துவிட்டேன், தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறேன். என் பட்டச் சான்றிதழின் கடைசியில் ஓவியம் என்பது ஒரே ஒரு வரி. வேலைக்கான நேர்முகத்தில் ஒருவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு?” என்று கேட்டார்.  ஏதோ பொழுதுபோக்கு என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன மாதம் சென்ட்ரலில், புறநகர் ரயில்கள் நிற்கும் இடத்தில், எதிர் நடைமேடையில் அவரைப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நின்றிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் கைக்குழந்தை அழுதுகொண்டிருக்க, அதற்கு எதையோ காட்டி வேடிக்கை செய்துகொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. கூட்டம் இடித்துக்கொண்டு போயிற்று. என்னுடைய வண்டி வந்து, நின்று, கிளம்பிப் போனதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஒரு மனுஷி நடைமேடையில் நிற்கிறார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த இரைச்சல் முழுவதும் அடங்கிவிட்டது போலிருந்தது. அவருடைய வண்டி வந்தது. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் அம்மாவை முதலில் ஏறவிட்டு, தானும் ஏறினார். வண்டி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் என் கைபேசி ஒலித்தது.

“இன்னாடி, எதுத்தாப்புல நின்னுக்கினு அத்தினி நேரம் பாக்கற, ஒரு வார்த்த கூப்டல? இன்னும் வரையறியா இன்னா?”

“இல்லம்மா” என்றேன்.  “சும்மா பாத்துட்டிருந்தேன்.”

மறுமுனையில் ரயில் சத்தமும் அந்தக் குழந்தையின் சிணுங்கலும் கேட்டன. அவர் சிரித்தார்.

“அடுத்த வாட்டி கிட்ட வந்து பாரு.”